சாமி கும்பிடாத வீட்டில் பொங்கல் பானை: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

#1 கரும்புச்சக்கை

தை பிறக்க மூன்று வாரம் இருக்கிறது. வழக்கமான சண்டையை இந்த முறையாவது உருப்படியாகப் போடலாம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பொங்கல் வைத்தால் "கொள்கையை அடகு வைத்துவிட்டார்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். "பொங்கல் மதப் பண்டிகையே இல்லை, தமிழர் பண்டிகை, இதில் கேள்விக்கே இடமில்லை" என்று இன்னொரு கூட்டம் வாயை அடைக்கும். யோசிக்காமல் சொல்லும் பதில்கள் இரண்டும். பொங்கலைக் கழற்றிப் போட்டுப் பார்க்கலாம். எந்தப் பாகம் மதம்? எது சமையல், எது விவசாயம், எது வெறும் பழக்கம்? மதப் பாகத்தை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்குமா, சரிந்துவிடுமா?

"எங்க தாத்தா காலத்துல" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். செய்முறை, அளவு, காரணம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 மறுப்புரை

கழற்றுவதானால் ஒழுங்காகக் கழற்றுவோம்.

போகி இந்திரனுக்குரிய நாள் என்பது மரபு. பெரும்பொங்கல் அன்று பஞ்சாங்கம் பார்த்துப் பானை வைக்கும் நேரம் குறிக்கிறார்கள். மஞ்சளிலோ சாணத்திலோ பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகுகிறார்கள். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து, வயிற்றில் மூன்று பட்டை அல்லது நாமம். பொங்கியதும் வாழையிலையில் படையல், தேங்காய் உடைப்பு, சூரியனை நோக்கிக் கற்பூரம். மறுநாள் மாட்டுக்குப் படையல், சில வீடுகளில் கனுப்பிடி (உடன்பிறந்தவர் நலத்துக்காகப் பெண்கள் காக்கைக்குச் சோறு வைப்பது).

இத்தனையையும் வைத்துக்கொண்டு "மதமே இல்லை" என்றால் அது பொய். பானையில் பட்டை போடுவதா நாமம் போடுவதா என்று கேட்கும் பண்டிகையில் சைவமும் வைணவமும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. இவற்றை எல்லாம் நீக்கிவிட்டுச் செய்யலாம் என்றால் சொல்லுங்கள், கேட்கிறேன். இருப்பதை இல்லை என்று சொல்லாதீர்கள்.

#3 பழந்தாள்

#2 சொல்வது சரிதான். ஆனால் இந்தக் கழற்றும் வேலை தமிழ்நாட்டில் புதிதல்ல, ஒரு நூற்றாண்டாக நடக்கிறது.

பெரியார் தீபாவளியை அடியோடு மறுத்தார். பொங்கலை அறுவடை விழாவாக ஏற்றார், சங்கராந்தி புராணங்களை ஒதுக்கிவிட்டு. திராவிடர் கழகத்தார் அதைத் திராவிடர் திருநாள் என்றே கொண்டாடுகிறார்கள். விடுமுறை வரிசையைப் பாருங்கள்: தை முதல் நாள் பொங்கல், அடுத்தது திருவள்ளுவர் நாள், அதற்கடுத்து உழவர் திருநாள். மாட்டுப் பொங்கலின் மேலேயே வள்ளுவரை உட்கார வைத்தார்கள், நாளை மாற்றவில்லை. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-ல் சட்டம் வந்தது, 2011-ல் அடுத்த ஆட்சி அதை நீக்கியது. பொங்கல் மட்டும் இரண்டு ஆட்சியிலும் அசையவில்லை.

திருமணத்தில் இதே உத்திதான். 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-அ பிரிவு புரோகிதரையும் தீயையும் எடுத்துவிட்டது. உற்றார் முன்னிலையில் இருவரும் புரியும் மொழியில் ஒப்புக்கொள்ளலாம், மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், இவற்றில் எதைச் செய்தாலும் மணம் செல்லும். சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, சடங்கே இல்லாமல் ஊரைக் கூட்டினால் ஊர் என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கும் என்று. கைக்கு ஒரு வேலை வேண்டும்.

வெளியில் இருந்து ஓர் எடுத்துக்காட்டு. சோவியத் ஒன்றியத்தில் 1920-களின் கடைசியில் கிறிஸ்துமஸ் மரத்தை விரட்டினார்கள். 1935 டிசம்பர் 28 அன்று பிராவ்தா நாளிதழில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவரான பவெல் போஸ்திஷெவ் எழுதிய கடிதம் வந்தது, குழந்தைகளுக்கு மரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று. மரம் புத்தாண்டு மரமாகத் திரும்பியது, உச்சியில் பெத்லகேம் நட்சத்திரம் இருந்த இடத்தில் சிவப்பு நட்சத்திரம். பனித் தாத்தாவும் பேத்தியும் பரிசு கொண்டுவந்தார்கள். 1948 முதல் சனவரி 1 விடுமுறை. ஒன்றியம் போய்விட்டது, அந்த மரம் போகவில்லை. கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் ரஷ்யர் பலருக்கு இன்றும் அது புத்தாண்டு மரம்தான்.

மேற்கு வங்கத்தில் துர்கா பூசைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே மார்க்சிஸ்ட் கட்சி புத்தகக் கடை போடுகிறது. கூட்டத்தைக் கலைக்க முடியாது, கூட்டத்திடம் பேசலாம் என்ற கணக்கு.

#4 நாழிகைவட்டில்

நாளைப் பற்றி ஒரு திருத்தம். #2-க்கு இல்லை, "நாங்கள் அறிவியல்படி கொண்டாடுகிறோம், அன்று சூரியன் வடக்கே திரும்புகிறது" என்று பதாகை அடிப்பவர்களுக்கு.

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. பொங்கல் சனவரி 14 அல்லது 15. இடையில் ஏறக்குறைய 24 நாள். நம் மாதக் கணக்கு விண்மீன்களை வைத்து, ஆங்கில நாட்காட்டி பருவத்தை வைத்து. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லச் சுற்றுவதால் இரண்டும் 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன. 24-ஐ 70-ஆல் பெருக்கினால் சுமார் 1,700 ஆண்டு. அந்தக் காலத்தில் மகரப் பிறப்பும் வடதிருப்பமும் ஒரே நாளில் வந்தன. அப்போது சொன்ன வாக்கியத்தை இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பொங்கலைக் கடவுள் இல்லாமல் கொண்டாடுங்கள், வானியல் பிழை இல்லாமலும் கொண்டாடுங்கள். பஞ்சாங்கத்தை மறுத்துவிட்டு, பஞ்சாங்கம் சொன்ன உத்தராயணத்தை அறிவியல் என்று சொல்வதுதான் இருப்பதிலேயே வேடிக்கை.

பானை வைக்கும் நேரத்துக்கும் இதே பதில். சங்கராந்தி என்பது கணக்கில் ஒரு நொடி, நள்ளிரவிலும் வரலாம். "நல்ல நேரம்" அதற்கு மேல் போட்ட சோதிடப் பூச்சு. நம்பாதவர் பார்க்க வேண்டியது வேறு. அடுப்பு வெளியில் என்றால் பனி இறங்கி விறகு ஈரமாகும், அதனால் ஏழு மணிக்கு மேல் பற்ற வையுங்கள். அவ்வளவுதான்.

#5 களத்துமேடு

பொங்கல் நாளை நகர்த்தவும் முடியாது. காரணம் சோதிடம் இல்லை, பயிர்.

பொங்கலுக்கு வரும் செங்கரும்பு ஆலைக்குப் போகும் கரும்பு அல்ல. கடித்துத் தின்ன மட்டுமே. சித்திரை, வைகாசியில் நட்டு, சோகை உரித்து, மண் அணைத்து, சரியாகத் தையில் வெட்ட வேண்டிய பத்து மாதப் பயிர். தை இரண்டாம் நாளுக்கு மேல் அதற்கு விலை இல்லை. மஞ்சள் கொத்தும் அப்படியே. மண்பானை வனைபவருக்கு ஆண்டின் பெரிய விற்பனை இந்த இரண்டு வாரம்தான். "நாங்கள் வேறொரு ஞாயிற்றுக்கிழமை அறுவடை விழா வைத்துக்கொள்கிறோம்" என்றால் கரும்பு கிடைக்காது, பானை கிடைக்காது, பிள்ளைக்குப் பள்ளி இருக்கும்.

இன்னொன்று. "புத்தரிசிப் பொங்கல்" என்பது டெல்டாவில் எல்லா ஆண்டும் உண்மை இல்லை. மேட்டூர் தண்ணீர் எப்போது திறந்தது, சம்பா எப்போது நட்டது என்பதைப் பொறுத்து அறுப்பு தை கடைசிக்குக்கூடப் போகும். நகரத்துக் கடையில் "புதுசு" என்று விற்கும் பச்சரிசி பல நேரம் பழசு. சமைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும், புது அரிசி தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும்.

#6 வெண்கலப்பானை

நல்லது, இப்போது அடுப்படிக்கு வரலாம். கொள்கை சரியாக இருந்து பொங்கல் குழைந்து கஞ்சியானால் யாரும் கொள்கையைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஐந்து பேருக்குச் சர்க்கரைப் பொங்கல்: பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெல்லம் 350 கிராம், தண்ணீர் 800 மில்லி, பால் 250 மில்லி, நெய் 60 கிராம், முந்திரி 20, ஏலக்காய் 4. உண்மையிலேயே புது அரிசி என்றால் தண்ணீரை 150 மில்லி குறையுங்கள்.

பருப்பை வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுக்கவும், சிவக்கக் கூடாது. அரிசியை முதலில் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் தண்ணீரை எடுத்து வைக்கவும். அந்தக் கழுநீரும் பாலும் சேர்ந்ததுதான் பொங்கும். வெறும் தண்ணீர் கொதிக்கும், பொங்காது. பாலின் புரதமும் அரிசியின் மாவுச்சத்தும் குமிழியை உடையவிடாமல் தோல் போர்த்துகின்றன, குமிழி மேல் குமிழி ஏறி வழிகிறது. பானைக் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே வரை ஊற்றினால் நிச்சயம் வழியும். அரைப் பானை ஊற்றிவிட்டு "பொங்கவே இல்லையே" என்று முகம் வாடுவது அளவுப் பிழை, அபசகுனம் இல்லை.

பொங்கியபின் கொஞ்சம் நீரை மொண்டு தனியே வைத்துக்கொண்டு அரிசி பருப்பைப் போடவும். அரிசி இரு விரலுக்கு நடுவே நசுங்கும்வரை வெல்லம் கிட்டவே வரக் கூடாது. முன்னாலேயே போட்டால் சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துக்கொள்ளும், அரிசி நரம்பு நரம்பாக நின்றுவிடும், பிறகு ஒரு மணி நேரம் கொதித்தாலும் வேகாது. பால் இன்னும் நீராக நிற்கும்போது வெல்லம் போட்டால் திரியும், வெல்லத்தில் புளிப்பும் உப்பும் உண்டு. வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் மணல் நிற்பதைப் பார்ப்பீர்கள். பாகுப் பதம் வேண்டாம்.

இறக்கும்போது கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், ஆறினால் இறுகும்.

பச்சைக் கற்பூரம் போடலாமா என்று கேட்பார்கள். கோயில் பொங்கலின் மணம் அதுதான், நம்பிக்கை இல்லாதவர் நாக்குக்கும் பிடிக்கும். கடுகளவு போதும், மிளகளவு போட்டால் கசக்கும். ஆரத்திக் கற்பூரத்தைத் தவறிப் போட்டுவிடாதீர்கள், அது தின்னும் பொருள் அல்ல.

#7 கரும்புச்சக்கை

அடுக்குமாடியில் முற்றம் இல்லை. மண்பானையைக் கேஸ் அடுப்பில் வைக்கலாமா? இண்டக்‌ஷன்?

#8 வெண்கலப்பானை

இண்டக்‌ஷனில் மண்பானை சூடே ஆகாது, இரும்புத்தன்மை இல்லை. காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பானை வைத்தால் சூடாகும், ஆனால் பொங்கி வழிந்ததும் தொடுபலகையில் தண்ணீர் பட்டு அடுப்பு தானே அணைந்து பீப் என்று கத்தும். "பொங்கலோ பொங்கல்" சொல்ல ஆள் வேண்டாம்.

கேஸில் வைக்கலாம், ஆனால் ஆபத்து வேறு. வழிந்த நீர் பர்னரை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது இது தெரியாது. ஒருவர் குமிழில் கை வைத்தே நிற்க வேண்டும், நுரை கழுத்துக்கு வந்ததும் தணலைக் குறைக்க வேண்டும். அடுப்புக்கும் பானைக்கும் நடுவே தடித்த இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் இரண்டு பிரச்சினையும் குறையும்: சூடு பரவலாக ஏறும், வழிந்தது கல்லில் காயும்.

புதுப் பானையை முந்தின இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடவும். மறுநாள் கழுநீர் ஊற்றி மெல்லிய தணலில் ஒரு கொதி விட்டு, தானே ஆறவிடவும். நேராகப் பெருந்தணலில் வைத்தாலோ சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலோ விரியும். விரிசல் விட்டால் அது மண்ணின் குணம். யாருக்கும் கெட்ட காலம் இல்லை.

பித்தளைப் பானை என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா பாருங்கள். பூச்சு 232 டிகிரியில் உருகும், வெறும் பானையை அடுப்பில் வைத்து மறந்தால் போச்சு. பூச்சு தேய்ந்த பித்தளையில் வெல்லம் போட்டுச் சமைக்காதீர்கள், செம்பு இறங்கும்.

#9 முற்றத்துக்கோலம்

யாழ்ப்பாணப் பக்கத்தில இருந்து சிலது. எங்கட பொங்கலில பாசிப்பருப்புக்குப் பதிலா வறுத்துக் கோது நீக்கின பயறு. அரைவாசி தண்ணிக்குத் தேங்காய்ப் பால் விடுவினம், முதல் பால் கடைசியிலதான். வெல்லத்தைச் "சக்கரை" எண்டுதான் சொல்லுறது, கடையில கேக்கிற ஆக்கள் குழம்பக் கூடாது. முத்தம் மெழுகி, கோலம் போட்டு, மூண்டு கல்லு வைச்சு, பொங்கி வழியேக்க வெடி கொளுத்துறது.

இதில சமயம் எங்க நிக்குது எண்டு பாத்தா, நிறைகுடமும் பிள்ளையாரும், பிறகு எந்தப் பக்கம் வழியுது எண்டு சகுனம் பாக்கிறதும். கிழக்கால வழிஞ்சா நல்லதாம். மூண்டு கல்லில எது பதிவோ அந்தப் பக்கம்தான் வழியும். கிழக்குக் கல்லை அரை விரல் தாழ்த்தி வைக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை, ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம். சகுனத்துக்காக மட்டம் பாக்கிறவைதான் நல்ல பொறியாளர்.

கோலம் பற்றி: நம்பிக்கை இல்லாத ஆக்களும் போடலாம், அரிசி மாவெண்டா எறும்பு தின்னும், மழை கழுவும். வெள்ளைக் கல்லுமா எண்டா மூச்சுக்கும் கூடாது, தின்னவும் ஒண்டுமில்லை.

#10 மறுப்புரை

பானை, கோலம், கரும்பு வரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வழுக்குப் பாறையில் எங்கே நிற்பது? பொங்கலைக் கழற்றி வைத்துக்கொண்டால் நாளை ஆயுத பூசையும் "தொழிலாளர் திருநாள்" ஆகும். தீபாவளியும் "விளக்குத் திருநாள்" ஆகும். எடைபோட ஒரு படிக்கல் சொல்லுங்கள்.

#11 லேத்துப்பட்டறை

ஆயுத பூசைக்குப் பதில் சொல்ல இந்த இழையில் வேறு பட்டறைக்காரர் இல்லை, நானே சொல்கிறேன்.

பட்டறையில் அந்த நாளுக்கு முந்தின நாள்தான் முக்கியம். ஆண்டில் ஒரு நாள் எல்லா எந்திரமும் நிற்கிறது. மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டு, பழைய கிரீஸைச் சுரண்டி, டீசலில் துடைத்து, இரும்புச் சிராய் வாரி, லேத்தின் (கடைசல் எந்திரத்தின்) படுகைத் தடத்தில் 68-ஆம் எண் சிலைடுவே எண்ணெய் பூசி, பெல்ட் விரிசல், எர்த் கம்பி, பாதுகாப்பு மூடி எல்லாம் பார்க்கிற நாள். மற்ற நாளில் முதலாளி இதற்கு நேரம் தர மாட்டார். சாமி பேரைச் சொன்னால் தருவார். நம்பாத தொழிலாளிக்கும் அந்த நாள் வேண்டியிருப்பதன் காரணம் இது.

கெடுதல் அதற்குப் பிறகு வருகிறது. துடைத்த தடத்தில் ஈரச் சந்தனமும் குங்குமமும் திருநீறும் அப்புகிறார்கள். ஈரம் துரு, திருநீறு உரசும் தூள். தடத்தில் ஒரு கோடு விழுந்தால் வேலையில் அளவு தப்பும். மின் பேனலுக்கு எதிரே கற்பூரம் காட்டுகிறார்கள். யுபிஎஸ் அறையில் காட்டினால் இன்னும் மோசம், ஈய அமில மின்கலம் மின்னேறும்போது ஹைட்ரஜன் விடும். கணினி அலுவலகங்களில் சாம்பிராணி போட்டு, புகை உணரி அலறி, மாடி மாடியாக ஆட்கள் இறங்கி நிற்பார்கள். கடைசியில் பூசணிக்காயை நடுச்சாலையில் உடைத்துவிட்டுப் போவார்கள், சதையில் இரு சக்கர வண்டி வழுக்கும். உடைக்கத்தான் வேண்டும் என்றால் ஓரமாக உடைத்து, உடனே வாருங்கள்.

ஆகவே: நாளை வைத்துக்கொள், துடைப்பை வைத்துக்கொள், பொரி கடலையை வைத்துக்கொள், அப்பும் வேலையை விடு. பூசை என்ற சொல்லே வேண்டாம் என்பவர்களுக்கு மே நாள் இருக்கிறது. பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் 1923-ல் சென்னையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். ஆனால் மே நாளில் யாரும் எந்திரத்தைத் துடைப்பதில்லை. பட்டறைக்காரன் பார்வையில் அது ஒரு குறை.

#12 பழந்தாள்

#10 கேட்ட படிக்கல்: கதையை எடுத்தபின் கையில் செய்ய ஏதாவது வேலை மிஞ்சுகிறதா, அந்த வேலை யாரையாவது இழிவுபடுத்துகிறதா? இரண்டே கேள்வி.

பொங்கலில் கதை மெலிது, வேலை கனம். அதனால் நிற்கிறது. ஆயுத பூசையில் வேலை இருக்கிறது, #11 சொன்னபடி. தீபாவளியில் தமிழ்நாட்டுக் கதை நரகாசுரனைக் கொன்றது, வடக்கே இராமன் திரும்பியது, சமணருக்கு மகாவீரர் வீடுபேறு. எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது எண்ணெய்க் குளியல், இனிப்பு, துணி, வெடி. எண்ணெயும் இனிப்பும் சரி. வெடிக்குத் தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம். கொலையைக் கொண்டாட மாட்டேன் என்பவருக்கு இதில் பெரிய இழப்பு இல்லை. மனமிருந்தால் முறுக்கு சுடலாம், அதற்கு நரகாசுரன் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை, நம் பக்கத்துக்கே. சங்க இலக்கியத்தில் தை நீராடல் வருகிறது. அது பெண்கள் நோற்ற நோன்பு. அதைக் காட்டி "அன்றே பானை வைத்தார்கள், மதமே கலவாத விழா" என்று எழுதுவது சரியில்லை. பழமை இல்லாவிட்டாலும் கொண்டாடலாம். பழமைச் சான்றிதழ் கேட்பதே புரோகிதப் பழக்கம்.

#13 வெண்கலப்பானை

இத்தனை பேரும் சாமியைக் கழற்றினீர்கள். தீட்டைக் கழற்றினீர்களா?

அதைப் பற்றி இந்த இழையில் ஒரு வரி இல்லை. பகுத்தறிவு பேசும் வீடுகளிலும் பெரும்பொங்கல் அன்று மாதவிடாய் வந்த பெண் பானையைத் தொடாமல் ஒதுங்கி நிற்பது நடக்கிறது. "பெரியவங்க மனசு கஷ்டப்படும்" என்பார்கள். கற்பூரம் காட்டாததற்குப் பெரியவர்கள் மனசு கஷ்டப்படவில்லையா? அங்கே கொள்கை, இங்கே மரியாதையா?

பாத்திரத்தை எடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பொங்கல் தனித் தட்டில், படிக்கட்டில். இதில் எந்தச் சாமியும் இல்லை, முழுக்க முழுக்கச் சாதி. சாமி படத்தை இறக்கியதும் வீடு சுத்தமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் பாத்திர அலமாரியைத் திறந்து பார்க்கவும்.

அடுத்தது வேலைக் கணக்கு. ஆறு பேர் வீட்டில் பெரும்பொங்கல் அன்று: சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், உளுந்து வடை, சாம்பார், ஏழுகாய்க் கூட்டு. கூட்டுக்குப் பரங்கி, அவரை, மொச்சை, சேனை, கருணை, வள்ளிக்கிழங்கு, வாழைக்காய் நறுக்கவே ஒருவருக்கு ஒரு மணி நேரம். கருணை நறுக்கினால் கை அரிக்கும், எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். உளுந்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும், மூன்று மணி ஊறினால் வடை எண்ணெய் குடிக்கும், ஆகையால் ஒருவர் விடியலில் எழுந்து நேரம் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் யார்? பக்தி வீட்டில் அவருக்குச் "சாமி காரியம்" என்ற சமாதானமாவது உண்டு. நம்பாத வீட்டில் அதுவும் இல்லை, வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

செய்ய வேண்டியது: பட்டியலைப் பாதியாக்குங்கள். ஒரு பொங்கல், ஒரு கூட்டு, கரும்பு. வடை வேண்டும் என்பவர் உளுந்தை ஊறப்போட்டு, அரைத்து, சுட்டு, வாணலியையும் கழுவட்டும்.

#14 களத்துமேடு

#13-க்கு ஒரு சேர்க்கை, குடியிருப்பு "சமத்துவப் பொங்கல்" நடத்துபவர்களுக்கு. முதல் பிழை அளவில் வரும். 50 பேருக்கு 3 கிலோ அரிசி போட்டு மிச்சத்தைக் கொட்டுவார்கள். ஆளுக்கு ஒரு கரண்டிதான், 1 கிலோ அரிசி, கால் கிலோ பருப்பு, 1¾ கிலோ வெல்லம் போதும். எல்லாம் சேர்த்து 12 லிட்டர் பானை. அந்தப் பெரிய பானையை வழியவிட முயலாதீர்கள், அடுப்பு அணையும், அடி பிடிக்கும். இரண்டு லிட்டர் மண்பானையைப் பக்கத்தில் வைத்து அது பொங்கட்டும், பெரியது ஆகட்டும்.

இரண்டாம் பிழை: "எல்லாருக்கும் பொதுவாக" என்று சொல்லிவிட்டு ஒரு குருக்களை அழைத்துத் தொடங்குவது. மூன்றாம் பிழை: காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் பொட்டலமாகக் கொடுத்தனுப்புவது. அவர்கள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடாவிட்டால் பெயரில் இருக்கும் சமத்துவத்தை எடுத்துவிடலாம். பானையைத் துழாவும் கரண்டி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

போகி நெருப்பு: பழைய பாய், துடைப்பம் எரித்த காலம் போய் டயரும் நெகிழியும் எரிகின்றன. மார்கழிப் பனியோடு புகை சேர்ந்து சென்னையில் விமானமே இறங்க முடியாமல் போன ஆண்டுகள் உண்டு. இந்திரனை விட்டவர்கள் நெருப்பையும் விடலாம். பழையதைக் காயலான் கடைக்குப் போடுங்கள், காசாவது வரும்.

#15 மறுப்புரை

#13-க்குப் பதில் இல்லை. சாமியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். #2-ல் நான் போட்ட பட்டியலில் தீட்டு வரவில்லை, வந்திருக்க வேண்டும்.

குழந்தைகள் பற்றி ஒரு கேள்வி. பக்கத்து வீட்டில் கற்பூரம் காட்டுகிறார்கள், நாம் ஏன் காட்டவில்லை என்று கேட்டால்?

#16 முற்றத்துக்கோலம்

"அவை சூரியன் கேக்கும் எண்டு நினைக்கினம், நாங்கள் நினைக்கேல்லை" எண்டு சொன்னாக் காணும். அவையைப் பழிச்சுச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்குக் கையில வேலை குடுங்கோ: கழுநீர் அளந்து விடுறது, நுரை கழுத்துக்கு வரேக்க கத்துறது. கற்பூரத்தை விட நுரைதான் பிள்ளையளுக்குப் புதினம். அடுப்பில இருந்து ரெண்டு முழம் தள்ளி நிப்பாட்டுங்கோ, வழியிற பால் சுடும்.

பக்கத்து வீட்டுப் பிரசாதம் வந்தா வாங்கிச் சாப்பிடுங்கோ, பானையைத் திருப்பிக் குடுக்கேக்க வெறும் பானையாக் குடுக்காதேங்கோ.

#17 கரும்புச்சக்கை

#8-ல் பானையைப் பழக்குவது வந்தது. பொங்கல் முடிந்தபின் மண்பானையைக் கழுவுவது எப்படி? வெல்லம் அடியில் பிடித்துவிடுகிறதே.

#18 வெண்கலப்பானை

சோப்பு போடாதீர்கள், மண் அதைக் குடித்துக்கொண்டு அடுத்த சமையலில் கக்கும். வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பானை கொஞ்சம் சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும், ஆறிய பானையில் கொதிநீர் ஊற்றினால் விரியும். பிடித்த வெல்லம் தானே கரையும். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு உள்வட்டமாகத் தேய்த்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் கவிழ்க்காமல் வாய் மேலே பார்க்கக் காயவையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பூக்கும். மஞ்சள் கொத்துக் கட்டியிருந்தால் அந்தக் கிழங்கை எடுத்து நட்டுவிடுங்கள், அழுகாமல் இருந்தால் முளைக்கும்.

நாலு ஆள் சமையலுக்கு நடுத்தரப் பானை தேய்க்க இருபது நிமிடம் ஆகும். வேலைப் பட்டியலில் அதையும் எழுதுங்கள், பேரோடு.